மூட்டு விலகல்: பயிற்சியாளர் குறிப்பில் என்ன எழுதுவது, எதை வெட்டுவது?

குறிப்பேடு (கேள்வி):

விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கான முதலுதவி வகுப்புக்கு இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று தயாராகிறது. சுளுக்கு, ரத்தக்கசிவு, எலும்பு முறிவு எல்லாம் முடிந்தது. மூட்டு விலகலில்தான் நிற்கிறது. வரைவில் இப்போது இருக்கும் வரிகள் இவை, தயங்காமல் வெட்டுங்கள்:

"மூட்டு விலகினால் வடிவம் மாறும், அசைக்க முடியாது. விரல்களை அசைக்க முடிந்தால் எலும்பு முறியவில்லை எனக் கொள்ளலாம். கீழே நாடி துடித்தால் ரத்த ஓட்டம் பற்றிக் கவலை இல்லை. இழுத்துப் போட முயல வேண்டாம். ஐஸ் வைத்து, ஸ்லிங் போட்டு, மருத்துவமனைக்கு அனுப்பவும்."

கேட்க வேண்டியவை மூன்று. தோள்பட்டை மட்டும் ஏன் இவ்வளவு சுலபமாகக் கழல்கிறது? "இழுக்காதே" என்று சொன்னால் பயிற்சியாளர்கள் கேட்பதில்லை, காரணம் சொன்னால்தான் கேட்பார்கள். அந்தக் காரணத்தைச் சுருக்கமாக எப்படிச் சொல்வது? எந்த மூட்டுக்கு அவசரம் அதிகம்?

---

எலும்புவார்டு:

முதலில் வெட்ட வேண்டிய வரி விரல் அசைவு பற்றியது. விரலை மடக்கி நீட்டும் தசைகளில் பெரும்பாலானவை முன்கையில் இருக்கின்றன. மணிக்கட்டிலோ தோளிலோ எலும்பு உடைந்திருந்தாலும் அந்தத் தசைகள் விரலை இழுக்கத்தான் செய்யும். விரல் அசைவதிலிருந்து தெரிவது நரம்பும் தசையும் வேலை செய்கின்றன என்பது மட்டுமே. எலும்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. நாடி பற்றிய வரியும் ஆபத்தானது, அதற்குக் கீழே வருகிறேன்.

தோள் ஏன் என்பதற்கு விடை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. தோளும் இடுப்பும் இரண்டுமே பந்துகிண்ண மூட்டுதான். இடுப்பில் கிண்ணம் ஆழம். தொடை எலும்பின் தலை அதற்குள் அமிழ்ந்து உட்கார்ந்திருக்கும், விளிம்பைச் சுற்றிக் குருத்தெலும்பு வளையம், முன்பக்கம் உடம்பிலேயே வலுவான ஜவ்வு. தோளில் கிண்ணம் என்று சொல்வதே கொஞ்சம் மிகை. ஒரு சின்னத் தட்டின் மேல் பெரிய எலுமிச்சம்பழத்தை நிறுத்தினால் எப்படி இருக்கும், அதுதான். எந்த நிலையிலும் பந்தின் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் தட்டில் தொட்டுக்கொண்டிருக்கும். கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிவதற்குக் கொடுத்த விலை அது. பந்தைத் தட்டோடு அழுத்திப் பிடித்திருப்பது எலும்பல்ல. சுற்றியுள்ள நான்கு தசைகளும், தளர்வான ஒரு மூட்டுறையும், தட்டின் விளிம்பில் இருக்கும் குருத்தெலும்பு வளையமும்தான். மூட்டுறைக்கு அடிப்பக்கம் தாங்கு குறைவு. கை பக்கவாட்டில் உயர்ந்து, வெளிப்புறமாகத் திரும்பி, பின்னுக்குத் தள்ளப்படும்போது (பந்து எறியக் கையை ஓங்கும் நிலை) பந்து முன்னோக்கிக் கீழே நழுவிவிடும். தோள் விலகல்களில் நூற்றுக்குச் சுமார் 95 இப்படி முன்பக்கம் போவதுதான்.

கிட்டத்தில் பார்த்தால் இப்படி இருக்கும்: தோளின் உருண்டை போய், சட்டை மாட்டும் ஹாங்கரின் முனை மாதிரிச் சதுரமாகத் தெரியும். உருண்டை இருக்க வேண்டிய இடத்தில் விரல் வைத்தால் பள்ளம். அக்குளுக்கு முன்புறம் ஒரு புடைப்பு. ஆள் கையை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, வெளிப்புறம் திரும்பியபடி, மறுகையால் தாங்கிப் பிடித்திருப்பார். அந்தக் கையை மார்போடு சேர்க்கச் சொன்னால் முடியாது. இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஸ்லிங் என்றதும் கையை வலுக்கட்டாயமாக மார்போடு ஒட்டக் கட்டுவார்கள். கை எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்க வேண்டும். கைக்கும் விலாவுக்கும் நடுவில் சுருட்டிய துண்டையோ சிறு தலையணையையோ நுழைத்து, இடைவெளியை நிரப்பி, அதன்மேல் முக்கோணக் கட்டைப் போட வேண்டும்.

இழுக்கக் கூடாது என்பதற்கான காரணம்: நழுவிய பந்து இடம் மாறிய இடத்தில் சும்மா இருப்பதில்லை. தட்டின் முன்விளிம்பு பந்தின் பின்பக்கத்தைக் குத்திப் பள்ளம் போட்டிருக்கும். அக்குள் நரம்பு அந்தப் பந்தைச் சுற்றித்தான் போகிறது, ரத்தக்குழாயும் பக்கத்தில். சுற்றுத் தசைகள் வலியால் இறுகி எலும்பைப் பூட்டிவைத்திருக்கும். அந்த இறுக்கத்தை எதிர்த்து இழுத்தால், ஏற்கனவே ஒரு கீறல் முறிவு இருந்தால் அது முழு முறிவாகும். மருத்துவர் செய்வதும் பலமாக இழுப்பதல்ல. வலியடக்கியோ மயக்க மருந்தோ கொடுத்துத் தசையைத் தளர்த்திய பின் மெதுவாகத் திருப்புவதுதான். சுவிஸ் அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர் 1870இல் விவரித்த முறையில்கூட மையம் திருப்புதல்தான். பின்னால் வந்தவர்கள் அதோடு இழுப்பையும் சேர்த்து முறுக்கப் போய், மேற்கை எலும்பு சுருளாக உடைந்த கதைகள் உண்டு.

விரலில் இன்னும் தெளிவான உதாரணம் கிடைக்கும். விரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டு (முஷ்டி பிடித்தால் துருத்தும் மூட்டு) பின்பக்கம் விலகினால், உள்ளங்கைப் பக்கத்துத் தடித்த நார்த்தட்டு அறுந்து, மூட்டுக்கு அருகே தொங்கிக்கொண்டிருக்கும். நேராக வெளியே இழுத்தால் அது இரண்டு எலும்புக்கும் நடுவில் புகுந்து மாட்டிக்கொள்ளும். அப்புறம் அறுவை செய்துதான் எடுக்க வேண்டும். எளிதாகச் சரியாகியிருக்க வேண்டியதை ஒரு இழுப்பு அறுவைக்குக் கொண்டுபோகிறது. பயிற்சியாளர்களுக்கு இந்த ஒரு உதாரணம் போதும் என நினைக்கிறேன்.

அவசரத்துக்கு வருவோம். இடுப்பு, முழங்கால், கணுக்கால்: இந்த மூன்றும் விலகினால் ஆம்புலன்ஸ்தான், ஆட்டோவோ காரோ அல்ல.

இடுப்பில் பெரும்பாலும் பின்பக்கம் விலகும். காரில் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் டேஷ்போர்டில் மோதும்போது நடப்பது. தொடை எலும்பின் தலைக்குப் போகும் சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்டுச் சுருங்கி நிற்கும். ஆறு மணி நேரத்துக்குள் மூட்டைத் திரும்ப அமர்த்தாவிட்டால் அந்த எலும்புத் தலை செத்துப்போகும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். அது உடனே தெரியாது, மாதங்கள் கழித்து நொண்டலாக வெளிப்படும். பின்னால் ஓடும் சியாட்டிக் நரம்பும் அடிபடலாம். பாதத்தை மேலே தூக்கச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முழங்காலில் நாடி கதைக்கு வருகிறோம். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் தமனி, மேலேயும் கீழேயும் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. நடுவில் மூட்டு இடம்பெயர்ந்தால் அது இழுபட்டுக் கிழியும். பல சமயம் முழுதாகக் கிழியாது, உள்சுவர் மட்டும் பிளந்திருக்கும். அந்த நேரத்தில் பாதத்தில் நாடி துடிக்கும். சில மணி நேரத்தில் பிளவில் ரத்தம் உறைந்து குழாய் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் மருத்துவமனையில் ஒரு முறை தொட்டுப் பார்த்து விட்டுவிடுவதில்லை. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடுவார்கள், விகிதம் 0.9க்குக் கீழே என்றால் ரத்தக்குழாய் ஸ்கேன். இன்னொரு பொறி: முழங்கால் விலகல் ஆள் வந்து சேர்வதற்குள் தானாகவே திரும்ப அமர்ந்திருக்கும். வெளிப்பார்வைக்கு வீங்கிய முழங்கால் மட்டும்தான். "அப்படியே மடங்கிப் போச்சு, அப்புறம் நேராச்சு" என்று சொன்னால் அதை விலகலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

---

கருப்புவெள்ளை:

எக்ஸ்-ரே பக்கத்திலிருந்து இரண்டு சேர்க்கைகள்.

தோளின் முன்பக்க விலகல் படத்தில் கத்திச் சொல்லும், யாரும் தவறவிட மாட்டார்கள். பின்பக்க விலகல்தான் ஏமாற்றும். வலிப்பு வந்தவர், மின்சாரம் தாக்கியவர் இருவருக்கும் உடம்பிலுள்ள எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் இறுகும். தோளை உட்புறம் திருப்பும் தசைகள் வெளிப்புறம் திருப்புபவற்றைவிட வலுவானவை, பந்து பின்னால் தள்ளப்படும். நேர்ப்படம் மட்டும் எடுத்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். உற்றுப் பார்த்தால் எலும்பின் தலை மின்விளக்குக் குமிழ் மாதிரி இருபுறமும் சமமாக இருக்கும். அதனால் பக்கவாட்டுப் படம் ஒன்றும் கட்டாயம். களத்தில் பார்ப்பவருக்கு ஒரே அடையாளம்: முழங்கையை மடக்கி விலாவோடு வைத்திருக்கும்போது முன்கையைத் தானாக வெளியே திருப்ப முடியாது, மார்போடு பூட்டியது போல் நிற்கும்.

இரண்டாவது, வளரும் பிள்ளைகள். எலும்பின் முனையருகே இருக்கும் வளர்ச்சித் தட்டு குருத்தெலும்பு. பக்கத்து ஜவ்வைவிட அது பலவீனமானது. பெரியவர்களுக்கு ஜவ்வு கிழிந்து மூட்டு விலகும் அதே அடியில், பிள்ளைகளுக்கு வளர்ச்சித் தட்டு பிளந்துவிடும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். 12 வயதுப் பையனின் கையை "பிசகுதானே" என்று நினைத்து இழுத்தால், பிளந்திருக்கும் தட்டை இன்னும் நகர்த்திவிடுவோம். அந்த எலும்பு கோணலாகவோ குட்டையாகவோ வளரலாம். முழங்கையில் எலும்பாக மாறும் மையங்கள் ஆறு. உத்தேசமாக 1, 3, 5, 7, 9, 11 வயதில் ஒவ்வொன்றாகப் படத்தில் தோன்றும், உட்பக்கக் குமிழ் (முழங்கையின் உட்புறம் துருத்தும் மேடு) 5இல், நடு உருளை (மேற்கை எலும்பின் அடியில் மூட்டுக்குள் இருக்கும் உருளைப் பகுதி) 7இல். நடு உருளை தெரிகிறது, உட்பக்கக் குமிழ் அதன் இடத்தில் இல்லை என்றால் அது இன்னும் தோன்றவில்லை என்று அர்த்தமில்லை. பிய்த்துக்கொண்டு மூட்டுக்குள் சிக்கியிருக்கிறதா என்று தேட வேண்டும். விலகிய முழங்கையைத் திரும்ப அமர்த்திய பிறகும் ஒரு படம் எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

---

குறிப்பேடு:

விரல் உதாரணம் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம். முழங்கால் சில்லு நகர்வதும் முழங்கால் விலகலும் ஒன்றா? வரைவைப் படித்த ஒருவர் இரண்டையும் குழப்பிக்கொண்டார். கீழே விழுந்த வயதானவருக்கு இடுப்பு விலகலா, முறிவா என்று படம் எடுக்காமலே ஊகிக்க வழி உண்டா?

---

எலும்புவார்டு:

இரண்டும் வேறு வேறு. சில்லு நகர்வது பெரும்பாலும் பதின்ம வயதில், காலை ஊன்றித் திரும்பும்போது. எப்போதும் கிட்டத்தட்ட வெளிப்பக்கம்தான் போகும். முழங்கால் மடங்கியபடி நிற்கும், முன்னால் சில்லு இருக்கும் இடம் தட்டையாகவும் வெளிப்பக்கம் புடைப்பாகவும் தெரியும். இதில் ரத்தக்குழாய் ஆபத்து இல்லை. இடுப்பை மடக்கித் தொடைத் தசையைத் தளர்த்தி, காலை மெதுவாக நீட்டினால் சில்லு தானே உள்ளே வந்துவிடும். ஆனால் இதையும் பயிற்சியாளர் செய்ய வேண்டியதில்லை, மடங்கிய நிலையிலேயே அடியில் தலையணை வைத்துத் தாங்கினால் போதும். முழங்கால் விலகல் என்பது தொடை எலும்புக்கும் கெண்டைக்கால் எலும்புக்கும் உள்ள பிணைப்பே அறுவது. குறைந்தது இரண்டு ஜவ்வுகள் கிழிந்திருக்கும், பெரும்பாலும் அதற்கும் மேல்.

இடுப்புக்குப் பாதத்தைப் பாருங்கள். கால் குட்டையாகி, பாதமும் முழங்காலும் வெளியே பார்த்தால் தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்க அதிக வாய்ப்பு. வயதானவர் நின்ற இடத்திலிருந்து விழுந்தால் இதுதான் வழக்கம். கால் குட்டையாகி, முழங்கால் உட்புறம் திரும்பி, லேசாக மடங்கி, மறுதொடையை நோக்கிச் சாய்ந்திருந்தால் பின்பக்க விலகல். செயற்கை இடுப்பு வைத்தவர் தாழ்வான நாற்காலியில் குனிந்து எழும்போது விலகினாலும் இதே தோற்றம் வரும். எதுவானாலும் களத்தில் செய்வது ஒன்றுதான்: நேராக்காதீர்கள், இருந்த நிலையில் தாங்கல் கொடுங்கள்.

கட்டுப் போடுவதற்கு ஒரு விதியும் எழுதிவிடுங்கள். எலும்பு முறிந்திருந்தால் அதற்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாமல் இருக்க வேண்டும். மூட்டு விலகியிருந்தால் அதற்கு மேலும் கீழும் உள்ள எலும்புகள் அசையாமல் இருக்க வேண்டும்.

---

சின்னமூட்டு:

இரண்டு விஷயம் விடுபட்டிருக்கிறது.

1 முதல் 4 வயதுக் குழந்தைகளைக் கையைப் பிடித்துத் தூக்கும்போதோ சுழற்றும்போதோ வருவது. ஆர எலும்பின் (முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு) தலை முழங்கையில் ஒரு வளைய ஜவ்வுக்குள் இருக்கிறது. கையை நீட்டி இழுத்தால் அந்த வளையம் நழுவி மூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். வீக்கம் இருக்காது, கோணல் இருக்காது. குழந்தை கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையைப் பின்பக்கமோ தொடைப் பக்கமோ வைத்து, பயன்படுத்த மறுக்கும், அவ்வளவுதான். மருத்துவர் முன்கையை உட்புறமாக நன்றாகத் திருப்பினால் சின்ன "டக்" ஒன்று விரலுக்குத் தட்டும். உள்ளங்கையை மேலே திருப்பி மடக்கும் பழைய முறையைவிட இதில் முதல் முயற்சியிலேயே சரியாகும் வாய்ப்பு அதிகம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் குழந்தை பொம்மையை எடுக்கக் கை நீட்டும். எடுக்கவில்லை என்றால் வேறு ஏதோ இருக்கிறது. ஆனால் குழந்தை விழுந்திருந்தாலோ முழங்கை வீங்கியிருந்தாலோ இந்த வேலையே கிடையாது, முதலில் எக்ஸ்-ரே. மேற்கை எலும்பின் அடிப்பகுதி முறிந்திருக்கலாம். தூக்குவது எப்படி என்பதை வகுப்பில் செய்தே காட்டுங்கள்: இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத்தான்.

அடுத்தது தாடை. பெரிதாகக் கொட்டாவி விட்டோ, பல் மருத்துவரிடம் நெடுநேரம் வாய் திறந்தோ தாடை முன்னால் நழுவும். வாய் திறந்தபடி நிற்கும், மூட முடியாது, எச்சில் வழியும். கட்டைவிரல்களைக் கடைவாய்ப் பற்களின் மேல் வைத்துக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளுவதுதான் சிகிச்சை. கிமு 1600 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தின் மருத்துவச் சுவடியான எட்வின் ஸ்மித் பாப்பிரஸிலேயே ஏறக்குறைய இதே முறை இருக்கிறது. தாடை உள்ளே போனதும் பற்கள் படாரென்று மூடும். விரலில் தடித்த துணி சுற்றாமல் செய்பவர் கடி வாங்குவார். பயிற்சியாளர் வேலை இதுவல்ல, தாடையைத் துணியால் தாங்கி, ஆளை முன்னால் குனிய வைத்து அனுப்பினால் போதும்.

---

பயிற்சிமேசை:

"மூட்டு உள்ளே போய்விட்டது, வேலை முடிந்தது" என்பது இன்னொரு நினைப்பு, அதையும் குறிப்பில் உடையுங்கள். விலகல் என்பது எலும்பின் கதையாகத் தெரிந்தாலும் அடிபடுவது மென்திசு. எலும்புக்கு ரத்தம் தாராளம், உடைந்தால் ஒட்டும். ஜவ்வுக்கு ரத்தம் குறைவு. மூட்டு முனையில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயும் இல்லை நரம்பும் இல்லை, மூட்டு நீரிலிருந்துதான் உணவு. அந்த நீரோ நல்ல முழங்காலில்கூட ஒரு டீஸ்பூன் அளவுக்கும் குறைவு. குருத்தெலும்பு சிதைந்தால் அது பழையபடி வளர்வதில்லை.

தோளுக்கு ஒன்று முதல் மூன்று வாரம் ஸ்லிங். அந்த நாட்களிலும் விரல், மணிக்கட்டு, முழங்கை தினமும் பல முறை அசைய வேண்டும். பிறகு குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசல்போல ஆட்டும் பயிற்சி. முதல் ஆறு வாரம் ஓங்கி எறியும் நிலை கூடாது. மோதல் விளையாட்டுக்கு மூன்று நான்கு மாதமாவது ஆகும், மறுதோளுக்குச் சமமாக வலு வந்த பிறகு. வயது இங்கே முக்கியம்: 20 வயதுக்குள் முதல்முறை கழன்றவருக்குத் திரும்பக் கழலும் வாய்ப்பு பாதிக்கு மேல், ஏனென்றால் தட்டின் விளிம்பு வளையமே பிய்ந்திருக்கும். 40 தாண்டியவருக்கு அந்த ஆபத்து குறைவு. ஆனால் சுற்றுத் தசைநாண் கிழிந்திருக்கலாம். இரண்டு வாரம் கழித்தும் கையைத் தூக்க முடியவில்லை என்றால் அதைச் சோதிக்க வேண்டும்.

முழங்கைக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. அது தளர்வதைவிட இறுகிப் போவதுதான் அதிகம். முறிவு இல்லாத விலகலை மூன்று வாரத்துக்கு மேல் கட்டி வைத்தால் கை முழுதாக நீளாது, கடைசிப் பத்துப் பதினைந்து பாகை போய்விடும். அதைத் திரும்பப் பெற அழுத்தி நீவுவதும், வலிக்க வலிக்க இழுத்து நீட்டுவதும் இன்னும் மோசம். அடிபட்ட தசைக்குள் எலும்பு முளைக்கும், அப்புறம் மூட்டு பூட்டியேபோகும். ஆள் தானாக, வலி அனுமதிக்கும் அளவு அசைக்க வேண்டும். வேறு யாரும் தள்ளக் கூடாது.

---

எலும்புக்கணக்கு:

ஓரமாக ஒன்று. பெட்டிச் செய்தியாக "உடம்பில் 206 எலும்புகள்" போடுவதாக இருந்தால் "பெரியவர்களுக்கு, பொதுவாக" என்று சேருங்கள். பிறந்த குழந்தைக்கு 270க்கு மேல், பிறகு இணைந்துகொள்கின்றன. சிலருக்குத் தசைநாண்களுக்குள் கூடுதல் சிறு எலும்புகள் உண்டு. 206இல் 106 இரண்டு கைகளிலும் பாதங்களிலும் மட்டும் (கைக்கு 27, பாதத்துக்கு 26). விளையாட்டுக் களத்தில் விரல் மூட்டு ஏன் அடிக்கடி மாட்டுகிறது என்பதற்கு அதுவே விளக்கம். இன்னொரு எலும்போடு மூட்டே இல்லாத எலும்பு தொண்டையிலிருக்கும் நாவடி எலும்பு. மறுமுனையில், காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகளுக்கு நடுவில்கூட முறையான மூட்டு இருக்கிறது. தலையில் பலத்த அடிபட்டால் அதுவும் விலகும், காது மந்தமாகும்.

---

குறிப்பேடு:

திருத்திய வரைவு: "வடிவம் மாறியிருந்தால் இழுக்காதே, நேராக்காதே. இருந்த நிலையில் தாங்கு, இடைவெளியைத் துண்டால் நிரப்பி ஸ்லிங் போடு. விரல் நகத்தை 5 விநாடி அழுத்தி விடு, 2 விநாடியில் சிவப்பு திரும்ப வேண்டும். விரல் நுனியிலும் தோளின் வெளிப்பக்கத்திலும் தொட்டு உணர்ச்சி கேள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார், நேரத்தோடு எழுதி வை. துணியில் சுற்றிய ஐஸ் 20 நிமிடம். இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்றாலோ, கை கால் வெளுத்துக் குளிர்ந்தாலோ, மரத்தாலோ உடனே ஆம்புலன்ஸ். தானாக உள்ளே போனாலும் எக்ஸ்-ரே கட்டாயம்."

---

எலும்புவார்டு:

இது சரி. இரண்டு வரி சேருங்கள். கையில் அடி என்றால் மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் முதலிலேயே கழற்ற வேண்டும், ஒரு மணி நேரம் கழித்து வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுத்து மூட்டை அமர்த்த நேரலாம். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதையும் அந்த நேரக் குறிப்பிலேயே எழுதி அனுப்புங்கள், மயக்க மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று.